தக்காளிக்கு டபுள் விசில்

அந்தப் பைய எடுத்து மடியில வெச்சுக்கறீங்களா தம்பி? தப்பா நெனைக்காதீங்க. பைக்கு எதுக்குங்க ஒரு சீட்டு? ஆங், அப்பிடி. இன்னும் செத்த சன்னல் பக்கமா ஒட்டுங்க. இன்னும் கொஞ்சம். இப்பப் பாருங்க, நானும் உக்காந்தாச்சு, இந்தம்மாவுக்கும் எடம் ஆச்சு. வாங்கம்மா, உக்காருங்க. ரெண்டு பேர் சீட்டுதான், நான் இல்லீன்னு சொல்லல. மனசு வெச்சா மூணு பேரு உக்காரலாமுங்க. என்னது, நின்னுக்கறீங்களா? சரிங்க, உங்க இஷ்டம். எடம் இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு.

பெட்டி கால்ல இடிக்குதுங்களா? காலிப் பெட்டிதானுங்க. காலையில தக்காளியோட போச்சு, உடுமலை சந்தையில வித்துப்போட்டு பொழுதோட காலியா வருது. நீங்க எங்க, பழனிங்களா? அப்ப சாவகாசமாப் பேசலாம். நான் செங்காட்டுப்புதூர் பிரிவுல எறங்கிக்குவேன்.

எம்பேரு ஆறுச்சாமிங்க. இதே ரூட்டுல கண்டக்டரா இருந்து ரிட்டேடு ஆனவன். அந்தத் தம்பி இருக்குது பாருங்க, இப்ப டிக்கெட் கிழிக்கறது, நல்ல பையன்தான். ஆனா நடுவுல அத்தன எடத்தக் காலியா உட்டுட்டுப் படியில ஆளத் தொங்க உட்டிருக்குது. எனக்குப் பாக்கப் பாக்க மனசு கேக்க மாட்டேங்குது. என்ற சர்வீசுல ஸ்டாப்புல ஒரு ஆள நிறுத்திட்டு டபுள் விசில் குடுத்ததில்லீங்க. ஆட்டுக்குட்டியோட வந்தாலுஞ் சரி, வாழத்தாரோட வந்தாலுஞ் சரி. 'உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இருக்கறவரு மூச்ச இழுத்துப் புடிச்சா பின்னாடி ஒருத்தர் ஏறலாம்'னு சொல்லிச் சொல்லியே ஏத்திருவேன். தைப்பூசத்துக்குப் பழனி ஸ்பெஷல் உட்டா டெப்போவுல என்னையத்தான் கூப்புடுவாங்க.

அதெல்லாம் போகட்டும். தக்காளிக்கு வர்றேன். எங்கூட்டுக்காரி என்னைய என்ன பாடு படுத்திட்டான்னு யாருகிட்டயாச்சும் சொல்லணும். நீங்க மொகத்துக்கு நல்ல ஆளாத் தெரியறீங்க.

அவ பேரு மயிலாத்தாள். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ரெண்டு நாள் ட்யூட்டி, ஒரு நாள் ஊடு. நோம்பின்னா ஸ்பெஷல், முகூர்த்தம்னா ஸ்பெஷல். அவ மொகத்தப் பாத்ததவிட டிக்கெட் பைய அதிகமாப் பாத்தவனுங்க நானு. ரிட்டேடு ஆகி மாலையோட ஊட்டுக்கு வந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இத்தன வருசம் தள்ளித் தள்ளி இருந்தது போதும், இனி இவள உட்டு நகரவே கூடாதுன்னு. ஆசைதானுங்க. வேற என்ன இருக்குது எனக்கு?

சொன்ன மாதிரியே இருந்தேன். பால் ஊத்தப் போனாளா, கூடப் போனேன். மகளிர் குழுக் கூட்டமா, போயி நடுவுல உக்காந்தேன். அதுவரைக்கும் கலகலன்னு பேசிட்டிருந்த பொம்பளைங்க என்னையக் கண்டதும் மரியாதையா வாய மூடிக்கிட்டாங்க. சமையக்கட்டுல அவளுக்குப் பின்னாலயே நின்னு, எண்ணெய் காஞ்சுருச்சு, கடுகப் போடுன்னு எடுத்துச் சொன்னேன். அலமாரியில டப்பாவெல்லாம் தூரந்தூரமா நின்னுச்சு. அதையெல்லாம் நெருக்கி அடுக்கி ஒரு தட்டையே மிச்சம் புடிச்சுக் குடுத்தேன். அதுல இருந்து புளி டப்பாவ உருவறதுக்கு வெரல் போகலைன்னு சொன்னா. கட்டுத்தரையில ரெண்டு எருமை நிக்கும், அதையும் ஒட்டிக் கட்டி, பாரு மயிலா, மூணாவது எருமைக்கு எடம் ஆயிருச்சுன்னேன். மூணாவது எருமை எங்க மாமான்னு கேட்டா. எடம் இருக்குதுன்னுதானுங்களே சொன்னேன், எருமை இருக்குதுன்னா சொன்னேன்?

இப்பிடி நல்லாப் போயிட்டிருக்கும்போதுதான் அந்த பாலி ஹவுசு வந்துச்சு. தோட்டக்கலை ஆபீசரம்மா பசுமைக்குடில்ம்பாங்க. எங்க ஊர்ல கொட்டாயிம்போம். நாலு பக்கமும் வலை, மேல பிளாஸ்டிக் சீட்டு, உள்ளுக்குள்ள தக்காளி. நான் ட்யூட்டியில இருந்த காலத்துலயே அவ குழுவுல சேந்து, பயிற்சிக்குப் போயி, ஆபீசு ஆபீசா அலைஞ்சு எழுதிப் போட்டது, இப்பத்தான் கெடச்சுது. அவ பேர்லதான் இருக்குது. எங்க ஊருக்கு அதுதான் மொதல் கொட்டாயி. அவளுக்கு நல்லபடியா வந்தா அடுத்து பக்கத்துக் காட்டு சரசக்கா போடும், அதுக்குப் பொறகு குழுவுல மத்தவங்க. அவளுது படுத்துக்கிச்சுன்னா அத்தோட எல்லாத்துக்கும் மூடு விழா. பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு பேசறதுக்கு டீக்கடையில நாலு பேரு வாயத் தொறந்து வெச்சு உக்காந்திருந்தாங்க. அந்தப் பயம் மயிலாத்தாளுக்கு இருந்துச்சுங்க. சோறு எறங்காது அவளுக்கு. எனக்குத் தெரியாதுங்களா? அதனாலதானே பக்கத்துலயே நின்னேன்.

தோட்டக்கலை ஆபீசரம்மா வந்து சொல்லிக் குடுத்தாங்க. சின்ன வயசு, நல்ல கொணம். மேட்டுப்பாத்தி போடணும், சொட்டு நீர்க் கொழாய் இழுக்கணும், அதுக்கு மேல பிளாஸ்டிக் தாள விரிக்கணும், தாள்ல ஓட்டை போட்டு ஓட்டைக்கு ஒரு நாத்து நடணும். செடிக்குச் செடி ரெண்டடி எடைவெளி. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. ரெண்டடியில என்ற வண்டியில ஒரு குடும்பமே நின்னுட்டு வந்திருக்குதுங்க. எந்திரிச்சுக் கேட்டேன், ஏனுங் மேடம், அந்த ரெண்டடியில யாரு வர்றாங்க?

"காத்து வரும்ங்கய்யா"ன்னாங்க.

"காத்து டிக்கெட் எடுக்குதுங்களா?"ன்னேன்.

குழுவே சிரிச்சுது. மயிலாத்தா மட்டும் சிரிக்கல. கயித்துல ரெண்டடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அதப் பாத்தி மேல இழுத்துப் புடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு சுண்ணாம்பு வெச்சு, ஒவ்வொரு ஓட்டையும் அவளே போட்டா. கோலத்துக்குப் புள்ளி வெக்கற மாதிரி இருந்துச்சுங்க. அழகுதான், இல்லீங்கல. ஆனா புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல அத்தன எடம் சும்மா கெடக்குதேன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்.

நடவு அன்னைக்குப் பாத்து அவ அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. அத்தைப்பாட்டி போகாம முடியாது. நாத்துப்பண்ணை வண்டியும் அன்னைக்குக் காலையிலதான் நாத்து வளத்த குழித்தட்டத் தேவைக்கு மேலயே கொண்டாந்து எறக்கிட்டுப் போச்சு. நாத்து முத்திப்போயி இருந்துச்சு, இன்னொரு நாள் தாங்காது. மயிலாத்தா மனசில்லாமத்தான் என்ற கையில ஒப்படைச்சா. "வெயில் தாழ நடுங்க மாமா. ஓட்டைக்கு ஒண்ணு. மிச்ச நாத்துக்குத் தண்ணி தெளிச்சு நெழல்ல வெச்சிருங்க, வாடிப்போன எடத்துல நடறதுக்கு வேணும். அதுக்கு மேல மிஞ்சுனா சரசக்கா வெளிக்காட்டுல நட்டுக்கும்." பஸ் ஏறுன பொறகும் சன்னல்ல தலைய நீட்டிச் சொன்னா, ஓட்டைக்கு ஒண்ணு மாமான்னு. கண்டக்டர் பொண்டாட்டி தலைய வெளிய நீட்டலாமுங்களா? நான் அதத்தான் கவனிச்சேன்.

அவ சொன்ன மாதிரிதானுங்க நட்டேன். ஒரு நாத்து உடையல, ஒரு வேர் ஒடியல. நட்டு முடிச்சு நிமுந்து பாக்கறேன், வாசப்படியோரமா குழித்தட்டு அடுக்கு அடுக்கா நிக்குது. உள்ள ஏறுனதெல்லாம் கால நீட்டிச் சாஞ்சு உக்காந்திருக்குது. இதுக படியில நின்னுக்கிட்டு, காத்துல தலைய ஆட்டி ஆட்டி என்னையப் பாக்குதுங்க. நெசமாச் சொல்றேன், கை காட்டுற மாதிரியே இருந்துச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நெழல்ல வெச்சுட்டு வந்துருவீங்களா? உங்களுக்குக் கல்லு மனசுங்க தம்பி. எனக்கு வரல.

டப்பா ஒண்ண அடுப்புல காயவெச்சு, பிளாஸ்டிக் தாள்ல ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ஒரு ஓட்டைன்னு சுட்டுட்டே போனேன். உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குதுன்னு வாய் தானா சொல்லுது. ஒண்ணு உடாம ஏத்திட்டேன். கடைசியில நோஞ்சானா நாலஞ்சு நாத்து நின்னுச்சு. அத மட்டும் பெரிய நாத்துக்குப் பக்கத்துலயே வெச்சேன், கொழந்தைய மடியில வெச்சுக்கற மாதிரி. என்ற பழைய விசில் எப்பவும் சட்டைப் பையில கெடக்கும். எடுத்து டபுள் விசில் குடுத்துட்டுத்தான் கதவச் சாத்துனேன். ரிட்டேடு ஆன பொறகு அன்னைக்குத்தானுங்க வயித்துக்கு நல்லாத் தின்னேன்.

மறுநா மயிலாத்தா வந்தா. வந்தவ ஊட்டுக்குக் கூடப் போகாம நேரா கொட்டாயிக்குத்தான் போனா. வாசல்லயே நின்னுட்டா.

"மாமா, நான் போட்டதவிட ஓட்டை அதிகமா இருக்குது."

"டபுள், மயிலா"ன்னேன்.

அவ கத்தலீங்க. கத்தியிருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். பஸ்ல எத்தன பேர்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். அவ வரப்புல போயி உக்காந்துட்டா. அப்பறம் எந்திரிச்சு வந்து, "வேர் புடிக்கறதுக்குள்ள ஒண்ணு உட்டு ஒண்ணு புடுங்கிரலாம் மாமா. ஒரு சொட்டுத் தண்ணியில ரெண்டு செடி எப்பிடிப் பொழைக்கும்"ன்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏறி உக்காந்தவன எறக்கி உடறதா? அது பாவம் இல்லீங்களா? ஊட்டுல இருந்து ஒரு நாற்காலியத் தூக்கிட்டுப் போயி கொட்டாயிக்குள்ள போட்டு உக்காந்துட்டேன். சோறு தண்ணியெல்லாம் அங்கயேதான். ரெண்டு நாள் கெஞ்சுனா. சரசக்காவும் வந்து சொல்லிப் பாத்துச்சு. அப்பறம் பேச்சயே நிறுத்திட்டா. சரி, நம்ம சொன்னது நாயந்தான்னு வெளங்கிக்கிட்டான்னு நானும் உட்டுட்டேன்.

சும்மா சொல்லக் கூடாதுங்க, மொதல்ல எப்பிடி வந்துச்சு தெரியுங்களா? கருகருன்னு, தரையே தெரியாம. இந்தத் தக்காளியத் தரையில படர உடக் கூடாதுங்க, மேல கம்பி கட்டி, அதுல இருந்து நூல எறக்கி, ஒவ்வொரு செடியவும் நூல்ல சுத்தித் தூக்கி உடணும். அத்தன செடியும் ஆளுக்கொரு நூலப் புடிச்சுக்கிட்டு நெருக்கியடிச்சு நின்னுச்சு பாருங்க, சாயங்காலம் காலேஜ் உட்ட நேரத்து வண்டியாட்டவே இருந்துச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. டீக்கடையில இருந்து ஆளக் கூட்டிட்டு வந்து காட்டுனேன்.

பொறகு என்ன கெரகமோ, அடியில எலை பழுக்க ஆரம்பிச்சுது. உள்ள நொழஞ்சா ஒரு புழுங்கல் வாடை. பூ எடுக்கும், எடுத்த சுருக்குல கொட்டும். வெள்ளை வெள்ளையா ஒரு பூச்சி, தட்டுனா மாவு பறக்கற மாதிரி பறக்கும். நடுவுல பூந்து மருந்தடிக்கலாம்னா ஆள் பூற வழியில்ல. நான் எல்லாத்தயும் யோசனை பண்ணிப் பாத்தேன். பிளாஸ்டிக் தாள் மட்டமான சரக்கா இருக்கும். நாத்து வம்சம் சரியிருக்காது. சரசக்கா வேற வந்து 'இத்தனையா'ன்னு கண்ணு வெச்சுட்டுப் போச்சு. ஒவ்வொண்ணா மயிலாத்தாகிட்ட எடுத்துச் சொன்னேன். அவ கேட்டுட்டு எலைய மட்டும் பொறுக்கிட்டிருந்தா. எளச்சுப் போயிட்டாளுங்க. அடுத்த மாசம் ஆபீசரம்மா குழுப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்து பாக்கறதா சொல்லியிருந்தாங்க. எல்லாரும் பாத்து முடிவு பண்ற நாள் அது. எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தானுங்க. வெளிய காட்டிக்கல.

ஒரு நாள் கொட்டாயிக்குள்ளயே நின்னு சொன்னா. "மாமா, அதுகளுக்கு மூச்சு முட்டுது." ஒரு பழுத்த எலையக் கிள்ளிப் போட்டுட்டு, "எனக்கும் முட்டுது"ன்னா.

எனக்குப் பதறிப் போச்சு. கொட்டாயிச் சூட்டுலயே நின்னா சளி புடிக்காம என்ன செய்யும்? கையோட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, தண்ணி கொதிக்க வெச்சு, நொச்சித் தழையப் போட்டு, போர்வையத் தலையோட மூடி, ஆவி புடி மயிலான்னு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். போர்வைக்குள்ள நானும் தலைய உட்டுப் பாத்தேன், நல்லாப் புடிக்கறாளான்னு.

அவ போர்வையத் தூக்கி வீசிட்டா. வேர்த்து வடியுது. "மாமா, ரெண்டு நாள் ட்யூட்டி முடிச்சு நீங்க வர்ற அன்னைக்கெல்லாம் நான் பிரிவுல வந்து நிப்பேன், நெனப்பிருக்குதா? தூரத்துல பஸ் ஆரன் கேட்டாலே சந்தோசமா இருக்கும். இப்ப நான் எங்க வந்து நிக்கட்டும்? எந்தப் பக்கம் திரும்புனாலும் நீங்கதான் நிக்கறீங்க"ன்னா.

பாருங்க, எத்தன வருசத்துக்கு முந்துன கதை, அத நெனப்பு வெச்சிருக்கறா. ஆசையாத்தான் சொல்றான்னு எடுத்துக்கிட்டேன். ஆனா சொல்லும்போது அவ என்ற மொகத்தப் பாக்கல. அது மட்டும் உறுத்திட்டே இருந்துச்சுங்க. இப்பவும் உறுத்துது.

அடுத்த நாள் காலையில, "மாமா, நூல் தீந்து போச்சு, திருப்பூர்ல நல்ல நூலா கெடைக்குமாம், வாங்கிட்டு வர்றீங்களா? உங்களுக்குத்தான் பஸ் அத்துப்படி"ன்னா. அது நெசந்தானுங்களே. நான் போனேன். எந்த பஸ்ஸுல ஏறுனாலும் பழைய சிநேகிதன் ஒருத்தன் இருப்பான், பேசிட்டே போயி, பேசிட்டே திரும்பி, பொழுது எறங்கற நேரத்துக்கு வந்து சேந்தேன்.

நேரா கொட்டாயிக்குப் போனேன். கதவத் தொறந்தா, அந்தக் கோடியில இருக்கற வலை தெரியுதுங்க. இந்தக் கோடியில நின்னா அந்தக் கோடி தெரியுது. ஒண்ணு உட்டு ஒண்ணு இல்ல. நான் சுட்ட ஓட்டையெல்லாம் வெறும் ஓட்டையா இருக்குது. குழுவே வந்து நாள் பூராவும் வேலை செஞ்சிருக்குது. சரசக்கா என்னையப் பாத்ததும் முந்தானைய ஒதறிட்டுக் கெளம்பிருச்சு. மயிலாத்தா மட்டும் நடுப்பாத்தியில நிக்கறா.

"எறக்கி உட்டுட்டியா மயிலா"ன்னு மட்டும் கேட்டேன். நூல் பையி கையில இருந்து நழுவிருச்சு. வயசான காலத்துல சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, அழுதுட்டேனுங்க.

அவ கிட்ட வந்து என்ற கையப் புடிச்சா. ரிட்டேடு ஆன பொறகு அவளா வந்து புடிச்சது அதுதான் மொதத் தடவை. புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனா. வேலியோரமா எங்களுது ஒரு துண்டுக்காடு இருக்குதுங்க. அங்க கொண்டு போயி நிறுத்துனா. புடுங்குன செடியவெல்லாம் வேரோட மண்ணோட தோண்டி, தண்டு பாதி பொதையற மாதிரி ஆழமா நட்டு, குச்சி ஊணி, தண்ணி ஊத்தியிருக்கறா. தூரந்தூரமா.

"எறக்கி உடல மாமா, அடுத்த பஸ்ல ஏத்தியிருக்கேன்"ன்னா.

என்ற சர்வீசுல எத்தனையோ பேர் கண்டக்டருக்குப் பதில் பேசியிருக்காங்க. இந்த மாதிரி ஒருத்தரும் பேசுனதில்ல.

அப்பறம் பாருங்க, உள்ள இருந்ததுக சுதாரிச்சு நின்னுருச்சு. பூ புடிச்சுது. ஆபீசரம்மா வந்தப்ப பிஞ்சு கொத்துக் கொத்தாத் தொங்குது. குழுப் பொம்பளைங்க தடவித் தடவிப் பாத்தாங்க. சரசக்கா அன்னைக்கே தனக்கும் ஒரு கொட்டாயி வேணும்னு எழுதிக் குடுத்துருச்சு. மயிலாத்தா சிரிச்ச சிரிப்பு இருக்குதே, இத்தன வருசத்துல நான் பாக்காத சிரிப்புங்க அது. ஆபீசரம்மா என்னையக் கேட்டாங்க, ஐயா, எப்பிடி இவ்வளவு நல்லா வந்துச்சுன்னு. நான் மறைக்கல. கூட்டத்துல அடிபட்டு நின்னு வளந்த செடிங்க மேடம், அந்தத் தெம்பு எங்க போகும், மொதல்ல நெருக்கி நட்டதுதான் காரணம்னேன். அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. பாராட்டத்தானுங்க. எழுதி வெச்சுக்கிட்டாங்கன்னு நெனைக்கறேன்.

வேலியோரத்துச் செடிகளும் பாதிக்கு மேல பொழச்சுக்கிச்சு. அதப் பாத்துக்கறது என்ற பொறுப்பு. கொட்டாயிக்குள்ள எனக்கு ஒரே ஒரு வேலைதான். உள்ள காத்து பலமா அடிக்காதுங்களா, அதனால பூவுல காய் புடிக்கறதுக்கு மேல் கம்பியத் தட்டித் தட்டிக் குலுக்கி உடணும். காலையில ஒரு நடை போயி, பழைய வண்டி குலுங்கற மாதிரி குலுக்கி உட்டு, டபுள் விசில் குடுத்துட்டு வெளிய வந்துரணும். வந்துரணும்னு மயிலாத்தா சொல்லியிருக்கறா.

பழம் வர ஆரம்பிச்சதும் சந்தைக்கு யாரு போறதுன்னு பேச்சு வந்துச்சு. வண்டி வெச்சு அனுப்பலாம், எல்லாரும் அப்பிடித்தான் அனுப்பறாங்க. மயிலாத்தா ஒத்துக்கல. "மாமா போனாத்தான் யாவாரம் ஆகும். அவருக்குத்தான் சனங்ககிட்டப் பேசத் தெரியும்"னு குழுவுக்கு முன்னாடியே சொல்லிட்டா. ரெண்டு நாள் சந்தை, மூணாம் நாள் ஊடுன்னு அவளே மொறை போட்டுக் குடுத்தா. நான் இல்லாம அவளுக்கு ஒண்ணும் ஓடாதுங்க. அதனாலதான் என்னைய வெளிய அனுப்பறா. உங்களுக்குப் புரியுதுங்களா? புரிஞ்சா சரி.

மூணாம் நாள் ஊட்டுல இருந்தா வெந்நி போடறது என்ன, பணியாரம் சுடறது என்ன, ஒறம்பரை வந்த மாதிரி கவனிக்கறா. கொட்டாயிக் கதையெல்லாம் சொல்லுவா, நான் சந்தைக் கதை சொல்லுவேன். முன்னயெல்லாம் நாளெல்லாம் பக்கத்துலயே இருந்தும் இப்பிடிப் பேச ஒண்ணுமே கெடைக்கலைங்க. அது என்னமோ, தக்காளி வந்த ராசி.

தம்பி, செங்காட்டுப்புதூர் பிரிவு வருது, ஒரு விசில் குடுங்க. இல்லீங்க, உங்களைய இல்ல, கண்டக்டர் தம்பியச் சொன்னேன். ஏனுங்கம்மா, இப்பவாச்சும் வந்து இந்த எடத்துல உக்காருங்க. நீங்க பையத் திரும்ப அங்க வெச்சறாதீங்க தம்பி, சொல்லிட்டேன்.

அந்தா நிக்கறா பாருங்க, புளியமரத்துக்குக் கீழ, பச்சைச் சேலை. ரெண்டு நாளும் இப்பிடித்தான், ஆரன் சத்தத்துக்கு முந்தியே வந்து நின்னுக்குவா. எதுக்குன்னு கேட்டா, பெட்டி தூக்கறதுக்காமா. காலிப் பெட்டிங்க. நான் ஒத்த வெரல்ல தூக்கிருவேன். சொன்னாக் கேக்க மாட்டா, பெட்டிக்கு அந்தப் பக்கக் காத அவ புடிச்சுக்குவா, இந்தப் பக்கக் காத நான் புடிச்சுக்குவேன், ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரியில பேசிட்டே நடந்து போவோம். என்ன, நடுவுல பெட்டி இருக்கறதால ஒட்டி நடக்க முடியறதில்ல. அது ஒண்ணுதானுங்க கொறை.